எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர்: நினைவுகளைப் பகிருங்கள்

தேயிலைத்தூர் (தலவாக்கலை) எழுதியது:

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மாஸ்டர் மறைந்து வருகிற மாதத்துடன் ஓராண்டு நிறைகிறது. முதலாம் ஆண்டு நினைவு நாளில் சிறு மலர் ஒன்றை வெளியிட விரும்பும் அவருடைய பிள்ளைகள், பழைய மாணவர்களிடமிருந்து செய்திகளைத் திரட்டித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குடும்பத்தாரின் விருப்பப்படி அவருடைய பெயரையோ தோட்டத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, ஸ்டோர் என்ற தேயிலை ஆலைக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவே இருந்த தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடம் என்று சொன்னாலே அறிந்தவர்களுக்குப் புரியும்.

ஒரு வேண்டுகோள். அஞ்சலிப் பிரசுரங்களில் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்படும் வரிகள் வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புகளும் ஒரே அறையில்தான் நடந்தன. தென்மேற்குப் பருவ மழை தகரத்தில் விழத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவன் பேசுவதும் கேட்காது. அந்த நாட்களில் மாஸ்டர் குரலை உயர்த்தவே மாட்டார். கரும்பலகையை ஐந்தாகப் பிரித்துக் கோடு கிழித்து, ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய பாடத்தை அந்தந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு, ஒவ்வொருவரிடமாக வந்து தோளுக்குப் பின்னால் நின்று சிலேட்டைப் பார்ப்பார். தவறான எழுத்தின் மேல் அவருடைய விரல் வந்து நிற்கும். மழை விடும்வரை பள்ளிக்கூடம் அப்படியே நடக்கும்.

இன்னொன்று, அவருடைய இடாப்பு, அதாவது வரவுப் பதிவேடு. வராத பிள்ளையின் பெயருக்கு நேரே அவர் உடனே மை தொட்டு எழுத மாட்டார். பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். மாலையில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு நடந்துபோய், பிள்ளை ஏன் வரவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகே பேனாவால் எழுதுவார். 1974இல் தோட்டங்களில் உணவுப் பஞ்சம் வந்தபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். வயிற்றில் ஒன்றுமில்லாமல் வகுப்பில் இருக்க முடியாமல் மூன்று நாட்கள் போகவில்லை. மூன்றாம் நாள் மாலை அவர் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் (திண்ணையில்) வந்து அமர்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவரே பயிரிட்டிருந்த வற்றாளைக் கிழங்கை அவித்து எடுத்துவந்த துணிப்பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்தார். "நாளைக்கு இவன் வரட்டும், பதினோரு மணிக்கு அங்கேயும் கிழங்கு இருக்கும்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. அந்த வருடம் எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கிழங்கில்தான் படித்தோம்.

---

கோத்தகிரிக்காரன் எழுதியது:

தேயிலைத்தூர் தம்பிக்கு வணக்கம். நான் உங்களுக்கு ஒரு வகுப்பு முன்னால் படித்தவன். 1973ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் குடும்பம் இந்தியாவுக்கு வந்துவிட்டது.

இளையவர்களுக்காகச் சற்று விளக்கமாக எழுதுகிறேன். 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களால், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான நம்மவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் முடிவு செய்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்கும் உரியவர்களானது இப்படித்தான்.

அந்தக் குடியுரிமை விண்ணப்பங்களைத் தோட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. மாஸ்டர் வீட்டு வாசலில் இரவு எட்டு மணிக்கும் ஆட்கள் நிற்பார்கள். குப்பி விளக்கின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, அதன் பொருளைச் சொல்லி, பதிலை அவர்கள் வாயாலேயே வரவழைத்து எழுதுவார். இந்தியாவுக்குப் போ என்றோ போகாதே என்றோ அவர் யாரிடமும் சொன்னதில்லை என்று என் தந்தையார் கடைசிவரை சொல்லுவார். "எழுதுவது என் வேலை, தீர்மானம் உங்களுடையது" என்பாராம்.

நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாள் எனக்கும் என் தங்கைக்கும் விடுகைப் பத்திரம் எழுதித் தந்தார். படிவத்தில் நடத்தை என்ற இடத்தில் எல்லோருக்கும் "நன்று" என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அவர் எழுதியது, "கணக்கில் ஆர்வமுள்ளவன், சற்றுக் கூச்சமுடையவன், முன்வரிசையில் அமர்த்தினால் பேசுவான்" என்பதாகும். தலவாக்கலையில் கோச்சி (ரயில்) ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, நீலகிரிக்கு வந்துசேரும்வரை அந்தக் காகிதத்தை அம்மா சேலை மடிப்பில் வைத்திருந்தார்கள். கோத்தகிரியில் நான் சேர்ந்த பள்ளியின் தலைமையாசிரியர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார். அந்நிய ஊரில் எனக்குக் கிடைத்த முதல் இடம் அது.

---

நானுஓயா ஆசிரியை எழுதியது:

இருவருடைய பதிவுகளையும் கண்ணீருடன் வாசித்தேன். மலரில் அவர் பணி செய்த காலத்தின் பின்னணியும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. இல்லையென்றால் அவர் எவ்வளவு குறைந்த வசதிகளை வைத்து எவ்வளவு செய்தார் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் கடமையைத் தோட்ட நிருவாகங்களிடம் ஒப்படைத்தது. கடமை சட்டத்தில் இருந்தது. நடைமுறையில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே கிடைத்தார்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டப் பாடசாலைகளுக்குத் திறக்கவில்லை. 1960, 1961இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் இவை விடுபட்டன. 1970களில், பெரும்பாலும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, அரசு இவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே 1960களின் தொடக்கத்தில் மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் அரசாங்க ஆசிரியர் அல்லர். தோட்டம் சம்பளம் கொடுத்த ஓர் ஊழியர். தோட்ட முகாமையாளரான துரை நினைத்தால் மறுநாளே அனுப்பிவிடலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே நான் எழுதுவதை வாசியுங்கள்.

அவர் எங்களுக்குக் கழித்தல் கணக்கைக் கொழுந்து நிறுவையிலிருந்து கற்பித்தார். அப்போது இறாத்தல் கணக்கு. "காலை நிறுவை 11, பகல் 14, மாலை 9. கூடைக்கும் ஈரத்துக்குமாக ஒவ்வொரு நிறுவையிலும் 2 இறாத்தல் கழித்தால் அம்மாவின் பெயரில் எத்தனை இறாத்தல் விழ வேண்டும்?" 28 என்று எழுதுவோம். அடுத்த கேள்வி வரும்: "துண்டில் 25 என்று இருந்தால் குறைவது எத்தனை?" அன்று மாலையிலிருந்து லயம் லயமாகப் பிள்ளைகள் அம்மாமாரின் நிறுவைத் துண்டுகளை வாங்கிக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். என் அம்மாவின் துண்டில் ஒரு கிழமைக்கு 17 இறாத்தல் குறைந்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். எனக்கு அப்போது 9 வயது.

விடயம் ஒப்பீசுக்குப் போயிற்று. மாஸ்டரை அழைத்துக் கேட்டபோது அவர் பாடக்கொப்பியைத் திறந்து மேசையில் வைத்து, "மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு, ஐயா. விடை சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாராம். அதற்குப் பிறகு நிறுவையில் எங்கள் அம்மாமார் தராசு முள்ளைப் பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். மாஸ்டருடைய குடும்பத்துக்கு அந்த மாதம் அரிசி தாமதமாகத்தான் கிடைத்தது என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது.

1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் வந்தன; தோட்டத்துப் பிள்ளைகளிலிருந்தே ஆசிரியர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்த நான் அப்படித்தான் ஆசிரியையானேன். கொட்டகலையில் பயிற்சி பெறுமுன்பே எனக்குக் கிடைத்த பயிற்சி அவருடையது. ஐந்து வகுப்பை ஒருவர் நடத்துவதற்கு அவர் சொன்ன வழி இதுதான்: நன்றாகத் தெரிந்த பிள்ளையிடம் சிறியவர்களை ஒப்படைக்காதே, நேற்றுத்தான் புரிந்துகொண்ட பிள்ளையிடம் ஒப்படை, அதற்குத்தான் எங்கே தடுக்கும் என்று நினைவிருக்கும். முப்பது வருடங்களுக்கு மேல் கற்பித்துவிட்டேன். இதைவிடப் பயனுள்ள ஒன்றை எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை.

---

மேல்கணக்கு லயத்தான் எழுதியது:

இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதுவதுதான் முறை என்பார்கள். ஆனால் தேயிலைத்தூர் கண்டதை எழுதச் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். அவர் அடித்தார். பிரம்பு கரும்பலகைக்குப் பின்னால் இருக்கும். தாமதமாக வருபவனுக்கு இரண்டு அடி. இந்த இழையில் அதை யாரும் சொல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த அடியும் எங்கள் பள்ளிக்கூடத்தின் பகுதிதான்.

என் அம்மா அதிகாலையில் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போய்விடுவார். தம்பியைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருவது என் வேலை. ஆயம்மா வருவதற்குத் தாமதமானால் எனக்கும் தாமதமாகும். ஒரு கிழமையில் நான்கு நாள் அடி வாங்கினேன். காரணத்தைச் சொல்லவில்லை, சொன்னால் அம்மாவைக் குறை சொல்வதாகிவிடும் என்று பயந்தேன். ஐந்தாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். இடாப்பில் புள்ளி விழுந்திருக்க வேண்டும், அன்று மாலை அவர் வந்தார். அம்மா நடந்ததைச் சொன்னார். அவர் ஒன்றும் பேசாமல் என் உள்ளங்கையை விரித்து விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அக்காலத்துப் பெரியவர்களுக்கு இல்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து முதல் அரைமணி நேரம் இடாப்பு எடுக்கப்படவில்லை. அது எல்லோரும் வந்துசேரும் நேரமென்று அறிவித்தார். தாமதத்துக்காக அவர் அதன் பிறகு யாரையும் அடித்து நான் பார்க்கவில்லை. ஆனால் மற்றக் காரணங்களுக்காகப் பிரம்பு இன்னும் சில வருடங்கள் அங்கேயே இருந்தது. இரண்டையும் சேர்த்தே மலரில் போடுங்கள்.

---

தேயிலைத்தூர் எழுதியது:

அண்ணன், நீங்கள் எழுதியது சரி. நானும் வாங்கியிருக்கிறேன், முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டது என் பிழை. இதை அப்படியே மலரில் சேர்க்கும்படி பிள்ளைகளிடம் கேட்பேன். மூத்த மகளுக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

---

மூத்த மகள் எழுதியது:

எல்லோருக்கும் என் வணக்கம். அப்பாவின் பிரம்பைப் பற்றி எழுதியவருக்கு முதலில் நன்றி சொல்கிறேன். அப்பா உங்கள் கையைப் பார்த்துவிட்டு வந்த அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. சாப்பிடாமல் படுத்தார். அம்மா என்னவென்று கேட்டதற்கு, "ஒரு பிள்ளையைத் தெரியாமல் அடித்துவிட்டேன்" என்றார். உங்களிடம் சொல்லாததை வீட்டில் சொன்னார்.

நீங்கள் எல்லோரும் மாஸ்டரைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்களுக்கு அவர் அப்பா. அவர் ஊருக்குச் செய்ததை நினைத்து எனக்குப் பெருமைதான், ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு. நான் பெரியபிள்ளையாகி எனக்குச் சடங்கு வைத்த நாளில், பிறப்புப் பதிவு இல்லாத ஒரு மாணவனுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுப்பதற்காக அப்பா நுவரெலியாக் கச்சேரிக்கு (மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு) போய்விட்டார். அந்தக் காகிதம் இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது, அது இல்லாமல் அந்தப் பிள்ளையால் சாதாரண தரப் பரீட்சை எழுத முடியாது, கொடுக்கப்பட்ட திகதி அன்றுதான் என்பதெல்லாம் எனக்கு இப்போது விளங்குகிறது. மாமா தண்ணீர் ஊற்றி, வந்தவர்கள் சாப்பிட்டு முடிந்த பிறகு, இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார். அம்மா மூன்று நாட்கள் அவருடன் பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும்.

அதே அப்பாதான் நாங்கள் மூன்று பெண்பிள்ளைகளும் பாடசாலைக்குப் புறப்படும்போது தலை வாரிப் பின்னிவிடுவார். அம்மா விடிவதற்குள் மலைக்குப் போய்விடுவதால் அந்த வேலை அவருடையதாயிற்று. மாஸ்டர் பெண்பிள்ளைகளுக்குச் சடை பின்னுகிறார் என்று லயத்தில் பேசியதை அவர் பொருட்படுத்தவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் வாய்ப்பாடு கேட்பார். ஒரு பின்னலுக்கு ஒரு வாய்ப்பாடு.

அம்மா எழுதப் படித்த கதையையும் சொல்ல வேண்டும். திருமணமான புதிதில் அப்பா கற்பிக்கத் தொடங்கியபோது அம்மா சிலேட்டைத் திருப்பிக் கொடுத்து, "பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டர், வீட்டுக்குமா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டாராம். பின்பு நான் இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது, "எனக்குப் பொழுது போகவில்லை, நீ படிப்பதைக் காட்டு" என்று என்னிடம் கேட்டார். நான்தான் அம்மாவுக்குக் கற்பிக்கிறேன் என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலையும் தலை பின்னும்போது, இன்றைக்கு அம்மாவுக்கு எந்த எழுத்துகளைக் காட்ட வேண்டும் என்று அப்பா என் காதில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதை அம்மா அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன். இருவரும் கடைசிவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு சம்பள நாளில் அம்மா கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டதைக் கேள்விப்பட்டு, அப்பா டவுனுக்குப் போய் ஓர் ஊற்றுப்பேனா வாங்கிவந்து மேசையில் வைத்தார். யாருக்கென்று சொல்லவில்லை. அம்மா எடுத்துக்கொண்டார்.

இப்போது உங்கள் உதவி தேவை. அரசு பள்ளிக்கூடத்தைப் பொறுப்பேற்றபோது பழைய இடாப்புகளை ஒப்படைக்க வேண்டியிருந்ததால், அப்பா அவற்றைக் கொப்பிகளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். அவற்றை அவருடைய பெட்டியில் கண்டெடுத்தேன். 1973ஆம் ஆண்டுக் கொப்பியில், தோட்டத்தை விட்டுப் போன ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் அவர்கள் போய்ச்சேர்ந்த இடத்தைச் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். கூடலூர், கோத்தகிரி, திருச்சி என்று இந்தியா போனவர்களின் ஊர்கள் இருக்கின்றன. 1977 கலவரத்துக்குப் பின் போனவர்களுக்கு வவுனியா, கிளிநொச்சி என்று இருக்கிறது. மைகள் வெவ்வேறு நிறமாக மங்கியிருப்பதைப் பார்த்தால் ஒவ்வொரு கடிதமாக வர வர எழுதியிருக்கிறார் என்று தெரிகிறது. பதினொரு பெயர்களுக்கு நேரே மட்டும் பென்சில் புள்ளி இருக்கிறது. தேயிலைத்தூர் தம்பியின் பதிவை வாசிக்கும்வரை அந்தப் புள்ளி என்னவென்று எனக்குத் தெரியாது. பெயர்களைப் பொதுவில் எழுதுவது முறையல்ல என்பதால் இலக்கங்களை மட்டும் தருகிறேன்: 3, 9, 12, 14, 17, 22, 26, 29, 31, 34, 40. தங்கள் இலக்கம் நினைவிருப்பவர்கள் சொல்லுங்கள்.

---

மேல்கணக்கு லயத்தான் எழுதியது:

அக்கா, 29 என் பெரியம்மா மகன். தினமும் இடாப்பில் எனக்கு முன்னால் அவனை அழைப்பார்கள். கொழும்பில் கடைச் சிப்பந்தியாகச் சேர்ந்தான். 1983 ஜூலையில் கடை எரிந்தபின் கப்பலில் வடக்கே போய், இப்போது முல்லைத்தீவில் பேரப்பிள்ளைகளுடன் இருக்கிறான். மாஸ்டர் காலமான செய்தியை நான்தான் அவனுக்குச் சொன்னேன்.

---

கோத்தகிரிக்காரன் எழுதியது:

14 எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தவன். எங்களுடன் ஒரே கப்பலில் வந்தான். வால்பாறையில் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டான்.

22 என் தங்கை. எங்கள் ஊரை மாஸ்டருக்கு எழுதிய கடிதத்தில் அவளைப் பற்றி அப்பா ஒன்றும் எழுதவில்லை. மண்டபம் முகாமில் காய்ச்சல் கண்டு நான்கு நாட்களில் போய்விட்டாள். எழுத அப்பாவுக்கு மனம் வரவில்லை. மாஸ்டர் இரண்டு கடிதங்களில் அவளை விசாரித்திருந்தார். இரண்டுக்கும் அப்பா மற்றச் செய்திகளை மட்டும் எழுதி அனுப்பினார். அவளுடைய விடுகைப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. "பாட்டில் விருப்பமுள்ளவள், கேட்டால் பாடுவாள்" என்று மாஸ்டர் எழுதியிருக்கிறார். மலருக்குத் தேவையானால் படம் எடுத்து அனுப்புகிறேன்.

---

மூத்த மகள் எழுதியது:

அண்ணன், அனுப்புங்கள். அம்மாவின் ஊற்றுப்பேனாவில் சிவப்பு மை நிரப்பி மூன்றையும் எழுதிவிட்டேன். 22க்கு நேரே மண்டபம் என்று எழுதியிருக்கிறேன்.

3, 9, 12, 17, 26, 31, 34, 40 ஆகியவை இருக்கின்றன.